பீடத்தைச் சுற்றி ஆடும் திருச்சபை: ஜயீர் திருப்பலி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஆராதனையில் ஆடலாமா என்ற கேள்வி எழுந்தால் பேச்சு உடனே வசனங்களுக்குள் போய்விடும். ஒருவர் தாவீதை எடுப்பார். உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்குள் வந்த நாளில் அரசன் முழுப் பலத்தோடு ஆடினான், சன்னல் வழியாகப் பார்த்த மீகாள் அவனை மனதுக்குள் இகழ்ந்தாள் என்பது 2 சாமுவேல் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இன்னொருவர் பவுலை எடுப்பார். கொரிந்து சபையில் எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று அவர் எழுதியதும் வேதத்தில்தான் இருக்கிறது. இரண்டு பேரும் தங்கள் வசனத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்த ஞாயிறு சபை எழுந்து நிற்கும்போது கை எங்கே இருக்க வேண்டும், கால் எப்போது அசையலாம், மத்தளம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற கேள்வி அப்படியே கிடக்கும்.

அதனால் வாதத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, இதை உண்மையிலேயே செய்து பார்த்த ஒரு திருச்சபையை எடுத்துக்கொள்கிறேன். ஒரு மாலை நிகழ்ச்சிக்காக அல்ல, தலைமுறை கணக்கில் செய்து பார்த்தவர்கள் அவர்கள். கொங்கோ நாட்டுக் கத்தோலிக்கத் திருச்சபை 1961இல் தொடங்கிய ஒரு வேலை 1988இல் உரோமையின் ஒப்புதலைப் பெற்றது. இடையில் 27 ஆண்டுகள். அந்த வேலையின் பலன்தான், அப்போது அந்த நாட்டுக்கு இருந்த பெயரால் இன்றும் ஜயீர் வழிபாட்டு முறை என்று அழைக்கப்படும் திருப்பலி. இதில் குருவும் பீடச் சிறுவர்களும் பீடத்தைச் சுற்றி ஆடுகிறார்கள். மக்களும் தங்கள் இடத்தில் நின்றபடி ஆடுகிறார்கள். இது கேளிக்கையாக மாறாமல் எப்படி நின்றது என்பதைத்தான் இந்த ஆய்வு தேடுகிறது.

முதலில் பாட்டு மட்டும்

பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்த கொங்கோவில் கத்தோலிக்க வழிபாடு என்றால் இலத்தீன் மொழி, ஐரோப்பிய ராகம், அசையாத உடல். மறைப்பணித் தளங்கள் பலவற்றில் மத்தளத்துக்கு இடமில்லை. ஆவிகளை அழைக்கும் பழைய சடங்குகளோடு மத்தளம் சேர்ந்திருந்ததால் அதைக் கேட்டாலே மறைப்பணியாளர்களுக்கு அச்சம். அந்த அச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன். புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற ஒருவர் பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிடக் கூடாது என்ற கவலை அதில் இருந்தது. ஆனால் விளைவு என்ன? ஒருவர் அழுவதற்கும் சிரிப்பதற்கும் அறுவடைக்கும் மரணத்துக்கும் எந்தத் தாளத்தைப் பயன்படுத்தினாரோ, அந்தத் தாளத்தைக் கோயில் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் கடவுளிடம் வர வேண்டியிருந்தது.

முதல் விரிசல் இசையில் விழுந்தது. கமினா என்ற ஊரில் பணியாற்றிய கீடோ ஹாசன் என்ற பெல்ஜியப் பிரான்சிஸ்கன் குரு, சிறுவர்களையும் ஆசிரியர்களையும் சேர்த்து ஒரு பாடகர் குழு நடத்தி வந்தார். அந்தக் குழுவின் கூட்டுக் கற்பனையில் பிறந்தது மிசா லூபா என்ற பாட்டுத் திருப்பலி. 1958 மார்ச் 23ஆம் நாள் அது முதன்முதலாகத் திருப்பலியில் பாடப்பட்டது. அதே ஆண்டு அந்தக் குழு ஐரோப்பாவுக்குச் சென்று பிரசல்ஸ் உலகக் கண்காட்சியிலும் பாடியது. பிறகு இசைத்தட்டாக உலகம் முழுக்கப் போனது.

மிசா லூபாவில் சொற்கள் பழைய இலத்தீன் சொற்களேதான். ஓர் எழுத்தும் மாறவில்லை. பாடுகிற விதம் மட்டும் அந்த மண்ணினுடையது. ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்ற மன்றாட்டுக்குக் கசாலா என்ற ஒப்பாரிப் பாட்டின் நடையை எடுத்துக்கொண்டார்கள். ‘தூயவர்’ பாடலுக்கு விடைபெறும் பாட்டின் சாயல் வந்தது. ‘ஓசன்னா’ வரும் இடத்தில் கசாய் பகுதியின் நடனத் தாளம் எழுந்தது. இந்தத் தேர்வுகளைப் பாருங்கள். எந்தப் பாட்டு நன்றாக இருக்கிறது என்று பார்த்து ஒட்டவில்லை. இரக்கம் கேட்கும் இடத்துக்கு மக்கள் உண்மையில் எப்படி அழுவார்களோ அந்த அழுகையைக் கொண்டுவந்தார்கள். பெரும்பகுதி ஏட்டில் எழுதாமல், பாடும்போதே கூட்டாகக் கூட்டியும் குறைத்தும் உருவானது.

ஆனாலும் இது பாட்டோடு நின்றது. ‘ஓசன்னா’வில் நடனத் தாளம் கேட்கிறது, உடல் மட்டும் இருக்கையில் அமர்ந்திருக்கிறது. எந்த ஊர்ச் சபையிலும் வரிசை இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் புதிய ராகம் நுழையும், அப்புறம் புதிய வாத்தியம், அப்புறம் கைதட்டல். உடலின் முறை கடைசியில்தான் வரும். நம் அச்சம் அதிகம் குடியிருக்கும் இடம் அதுதான் போலும்.

மலுலாவும் அவர் நடத்திய இரு போராட்டங்களும்

யோசேப்பு மலுலா 1917இல், அப்போது லியோபோல்வில் என்று அழைக்கப்பட்ட இன்றைய கின்ஷாசாவில் பிறந்தவர். 1946இல் குருவானார். 1959இல் அதே நகரின் துணை ஆயரானார். தம் ஆயர் திருநிலைப்பாட்டின்போதே கொங்கோ நாட்டில் ஒரு கொங்கோ திருச்சபை வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். நாடு விடுதலை பெற்றது 1960 ஜூன் 30 அன்று. அதாவது அரசியல் விடுதலைக்கு முன்பே வழிபாட்டின் விடுதலையைப் பற்றி அவர் பேசத் தொடங்கிவிட்டார்.

1961இல் நாட்டின் ஆயர்கள் கூடியபோது வழிபாடு மக்களின் பண்பாட்டில் வேர்விட வேண்டும் என்ற தேவையை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டே, உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியது. அதில் வழிபாடு பற்றிய ஆணையத்தில் மலுலாவும் பணியாற்றினார். 1963 டிசம்பர் 4 அன்று வெளிவந்த திருவழிபாடு பற்றிய சங்க ஏடு இந்த முயற்சிக்குக் கதவு திறந்தது. அதன் 30ஆம் எண், மக்கள் பதிலுரைகளாலும் பாடல்களாலும் செயல்களாலும் உடல் நிலைகளாலும் வழிபாட்டில் பங்கெடுக்க வேண்டும் என்கிறது. 37 முதல் 40 வரையுள்ள எண்கள் மக்களினங்களின் பண்பாட்டுக்கு ஏற்ப வழிபாட்டை அமைப்பது பற்றிப் பேசுகின்றன. உரோமை வழிபாட்டின் அடிப்படை ஒருமை காக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் அதே இடத்தில் இருக்கிறது. 1964இல் மலுலா பேராயரானார், 1969இல் கர்தினாலானார். அதே 1969இல் உகாண்டாவின் கம்பாலாவுக்கு வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், ஆப்பிரிக்கர்கள் ஆப்பிரிக்கக் கிறிஸ்தவத்தைக் கொண்டிருக்கலாம், கொண்டிருக்கவும் வேண்டும் என்றார்.

இந்தக் கதையில் பலர் தாண்டிப் போகும் ஒரு பகுதி உண்டு. 1971இல் அதிபர் மொபுட்டு நாட்டின் பெயரை ஜயீர் என்று மாற்றினார். உண்மையான ஆப்பிரிக்கத்தன்மைக்குத் திரும்புவோம் என்ற முழக்கத்தோடு, கிறிஸ்தவத் திருமுழுக்குப் பெயர்களையும் விடச் சொன்னார். மேலோட்டமாகப் பார்த்தால் மலுலாவும் மொபுட்டுவும் ஒரே பக்கம்தான் நிற்க வேண்டும். இருவருக்கும் ஐரோப்பியப் பூச்சு பிடிக்கவில்லை. ஆனால் மலுலா அதிபரை எதிர்த்தார். அவருடைய இல்லம் பறிக்கப்பட்டது. 1972இல் சில மாதங்கள் நாட்டுக்கு வெளியே உரோமையில் இருக்க வேண்டியதாயிற்று.

என் பார்வையில் இந்த நிகழ்வின் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. அரசன் ஆணையிட்டதால் ஆடும் ஆட்டமும், கடவுள் முன் தானாக எழும் ஆட்டமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கலாம். அதே மத்தளம், அதே அடி. மொபுட்டுவின் காலத்தில் அரசியல் கூட்டங்களில் மக்களை ஆட வைத்தார்கள். கோயிலில் மக்கள் ஆடியது வேறு. தங்கள் உடலைக் கடவுளிடம் கொண்டுவர யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று உணர்ந்தவர்கள் அவர்கள். ‘எல்லோரும் கையை உயர்த்துங்கள், இன்னும் சத்தமாக’ என்று மேடையிலிருந்து ஒருவர் விரட்டிக்கொண்டே இருக்கும் ஆராதனைகளில் நின்றிருக்கிறேன். அப்போது மலுலாவின் அந்த இரண்டாவது போராட்டம் நினைவுக்கு வரும். அசையாதே என்று சொல்வதும் கட்டாயம்தான், அசைந்தே ஆக வேண்டும் என்பதும் கட்டாயம்தான்.

திருப்பலிக்குள் நடப்பது

இனி வழிபாட்டுக்குள் போவோம். வத்திக்கானின் ஒப்புதல் பெற்ற வடிவத்தின் முக்கிய கட்டங்களை வரிசையாகச் சொல்கிறேன். இதில் எந்த இடத்தில் உடல் அசைகிறது, எந்த இடத்தில் அடங்குகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

முதலில் அறிவிப்பாளர் ஒருவர் வருகிறார். ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். கூட்டத்தை வரவேற்று, இன்று எதற்காகக் கூடியிருக்கிறோம் என்று சொல்லி, மக்களின் மனதை ஒருமுகப்படுத்துவது அவருடைய வேலை. தலைவர் வருமுன் அவர் வருகையை ஒருவர் அறிவிக்கும் ஆப்பிரிக்க அவையின் மரபு இது. பிறகு வருகைப் பவனி. குருவும் பணியாளர்களும் நடன அடியெடுத்துப் பீடத்தை நோக்கி வருகிறார்கள். மக்கள் பாடி அசைகிறார்கள். குரு கைகளை விரித்துப் பீடத்தின் நான்கு பக்கங்களிலும் தலைவணங்கி நெற்றியால் பீடத்தைத் தொடுகிறார்.

அடுத்தது புனிதர்களையும், நேரிய உள்ளத்தோடு வாழ்ந்த முன்னோர்களையும் அழைக்கும் மன்றாட்டு. இந்த இடத்தில்தான் பலர் புருவம் உயர்த்துவார்கள். முன்னோர் வழிபாடு பின்வாசல் வழியாக வந்துவிட்டதா? கேள்வி நியாயமானதுதான். ஆனால் உரை கவனமாக எழுதப்பட்டிருக்கிறது. எல்லா முன்னோரையும் அது அழைப்பதில்லை. கடவுளின் உதவியால் அவரை நேரிய மனதோடு தேடியவர்களைத்தான் அழைக்கிறது. நம்மோடு நின்று கடவுளை வழிபடும்படி அவர்களைக் கேட்கிறார்களே தவிர, அவர்களை வழிபடுவதில்லை. பழைய உரோமைத் திருப்பலி மன்றாட்டிலும் ஆபேல், ஆபிரகாம், மெல்கிசெதேக்கு ஆகியோர் நினைவுகூரப்படுகிறார்கள். கிறிஸ்துவைக் கண்ணால் காணாத அந்த மூவருக்கும் பீடத்தருகே இடமுண்டு என்றால், கொங்கோக் குடும்பம் ஒன்றின் நல்ல பாட்டிக்கும் இடமுண்டு என்பதே இந்த மன்றாட்டின் வாதம். எனக்கு அது ஏற்புடையதாகவே இருக்கிறது.

இதன் பின் வானவர் கீதம். குருவும் துணைவர்களும் பீடத்தைச் சுற்றி ஆடுகிறார்கள், மக்கள் தங்கள் இடத்தில் ஆடுகிறார்கள். தூபம் எழுகிறது. பீடத்தைச் சுற்றுவதற்குச் சொல்லப்படும் விளக்கம் இது: கிறிஸ்துவின் பலியால் பீடத்திலிருந்து வாழ்வு பொங்கி வருகிறது, அந்த வாழ்வோடு ஒன்றாகும் ஏக்கத்தால் அதைச் சுற்றி ஆடுகிறோம். ஆட்டத்துக்கு ஒரு நடு இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆடுபவர்களின் முகம் மக்கள் கூட்டத்தை நோக்கி இல்லை, பீடத்தை நோக்கி இருக்கிறது. மேடையில் ஆடுபவர் கூட்டத்தைப் பார்த்து ஆடுவார். இந்த ஒரு திசை மாற்றம் பல பிரச்சினைகளை ஆரம்பத்திலேயே தீர்த்துவிடுகிறது என்பது என் கணிப்பு.

அப்புறம் இறைவார்த்தை. வாசகர்கள் குருவிடம் ஆசி கேட்டுவிட்டுத்தான் வாசிக்கப் போகிறார்கள். நற்செய்தி நூல் பவனியாக வருகிறது. மறையுரையில் மக்கள் பதில் கொடுக்கலாம், உரையாடலாகவே அது போகலாம். நம்பிக்கை அறிக்கையும் முடிந்தபின்தான் மன்னிப்பு வழிபாடு வருகிறது.

வழக்கமான உரோமைத் திருப்பலியில் மன்னிப்பு வழிபாடு தொடக்கத்திலேயே இருக்கும். கொங்கோ ஆயர்கள் அதை மறையுரைக்கும் நம்பிக்கை அறிக்கைக்கும் பின்னால் நகர்த்தினார்கள். கடவுளின் வார்த்தையைக் கேட்டபின்தான் நான் எங்கே தவறினேன் என்று எனக்குத் தெரியும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அப்போது ஆட்டம் நிற்கிறது. மக்கள் தலையைத் தாழ்த்தி, கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மன்றாட்டு முடிந்ததும் புனித நீர் தெளிக்கப்படுகிறது. உடனே சமாதானம் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆப்பிரிக்கக் கிராம அவையில் ஒரு வழக்கு பேசி முடிந்தால் ஒப்புரவாகித்தான் கலைவார்கள், அந்த மரபு இதில் இருக்கிறது. காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு 5ஆம் அதிகாரச் சொல்லும் இதே வரிசையில்தான் இருக்கிறது. பண்பாடும் நற்செய்தியும் ஒன்றையொன்று இழுத்துப் பறிக்காமல் ஒரே இடத்தில் வந்து சேர்வதை இந்தச் சிறு நகர்த்தலில் பார்க்கிறேன். நடனத்தைவிட இந்த மாற்றம்தான் ஜயீர் முறையின் பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்வேன். படம் பிடிப்பவர்கள் யாரும் இதைப் படம் பிடிப்பதில்லை என்பது வருத்தம்.

காணிக்கைப் பவனியில் மறுபடி நடனம். அப்பமும் இரசமும், ஏழைகளுக்கான பொருள்களும் வருகின்றன. கொண்டுவருபவர்கள் வெறுமனே கொடுத்துவிட்டுத் திரும்புவதில்லை, குருவிடம் சில சொற்கள் சொல்லி ஒப்படைக்கிறார்கள். நற்கருணை மன்றாட்டில் குரு மட்டும் நீளமாகப் பேசிக்கொண்டிருக்க மாட்டார். மக்கள் இடையிடையே ஆர்ப்பரித்துப் பதில் சொல்வார்கள். லிங்காலா, கிகொங்கோ, சிலுபா, சுவாகிலி என்று அந்தந்தப் பகுதியின் மொழியில் பாடல்கள் வரும். இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். அதைக் குறையாக யாரும் எண்ணுவதில்லை.

பெயரில் ஓர் இழுபறி

இந்த வடிவம் ஒரே மூச்சில் வந்துவிடவில்லை. வரைவு எழுதி, உரோமைக்கு அனுப்பி, 1970களில் சோதனை முறையில் கொண்டாடி, திருத்தி, மறுபடி அனுப்பினார்கள். கடைசியில் 1988 ஏப்ரல் 30 அன்று ஒப்புதல் வந்தது. ஆயர்கள் இதை ஜயீர் வழிபாட்டு முறை என்று அழைக்க விரும்பினார்கள். உரோமை கொடுத்த பெயர் ‘ஜயீர் மறைமாவட்டங்களுக்கான உரோமைத் திருப்பலி நூல்’. இது உரோமை முறைக்குள்ளேயே ஒரு வடிவம், தனி முறை அல்ல என்று அந்தப் பெயர் சொல்கிறது. மக்கள் பேச்சில் நிலைத்தது ஆயர்கள் விரும்பிய பெயர்தான். மலுலா அடுத்த ஆண்டு, 1989 ஜூனில் காலமானார். ஒப்புதலைக் கண்ணால் பார்த்துவிட்டே போனார் என்பது எனக்கு ஆறுதல்.

உரோமையின் தயக்கத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 1975இல் வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயத்தின் இதழான நொத்தித்சியேயில் நடனம் பற்றி ஒரு கட்டுரை வந்தது. மேற்கத்தியப் பண்பாட்டில் நடனம் காதலோடும் கேளிக்கையோடும் கட்டப்பட்டிருப்பதால் அங்கே அதைத் திருவழிபாட்டுக்குள் கொண்டுவர முடியாது, நடனம் இன்னும் சமயப் பொருளைத் தாங்கி நிற்கும் பண்பாடுகளில் கொண்டுவரலாம் என்பது அதன் சாரம். 1994இல் வெளியான பண்பாட்டுமயமாதல் பற்றிய உரோமை அறிவுரையின் 42ஆம் எண் இன்னும் தெளிவு. கைதட்டலும் அசைவும் நடனமும் சில மக்களிடம் பாடலோடு இயல்பாகவே சேர்ந்து வருகின்றன, அவை உண்மையான கூட்டுச் செபமாக இருக்கும் வரை இடமுண்டு, வெறும் நிகழ்ச்சியாக ஆகிவிடக் கூடாது என்கிறது அது.

இந்த அளவுகோலை நான் மதிக்கிறேன். ஆனால் மேற்கில் நடனம் இயலாது என்ற பகுதி வரலாற்றோடு முழுசாகப் பொருந்தவில்லை. ஸ்பெயினின் செவில்லா பேராலயத்தில் சிறுவர்கள் இன்றும் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவின்போது பீடத்தின் முன் ஆடுகிறார்கள். லக்சம்பர்க்கின் எக்டர்னாக் நகரில் பெந்தகொஸ்துவுக்கு அடுத்த செவ்வாயன்று மக்கள் கைக்குட்டைகளால் ஒருவரோடொருவர் இணைந்து குதித்துக் குதித்துப் பவனி போகிறார்கள். 589இல் ஸ்பெயினில் கூடிய தொலேதோ ஆயர் சங்கம் புனிதர் விழாக்களில் ஆடுவதைத் தடை செய்தது. ஆடாத மக்களுக்கு யாரும் தடை போட மாட்டார்கள் அல்லவா? ஆகவே மேற்கு ஆடாத இனம் அல்ல. ஒரு காலத்தில் ஆடியது, பிறகு வழிபாட்டிலிருந்து உடலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொண்டது. கிழக்கே எத்தியோப்பியத் திருச்சபை அப்படி விலக்கவில்லை. அங்கே வெள்ளை உடுத்திய தெப்தெராக்கள் என்ற கோயில் பாடகர்கள் ஊன்றுகோலும் சலங்கைக் கருவியும் ஏந்தி, பெரிய மத்தளத்தின் தாளத்துக்கு நிதானமாக அடிவைத்து ஆடுவது நூற்றாண்டுகளாக நடந்து வருகிறது.

அதே நாட்டில், ஆடாத ஒரு சபை

ஜயீர் முறையை மட்டும் பார்த்தால், ஆப்பிரிக்கர் என்றால் ஆடியே வழிபடுவார்கள் என்று ஒரு முடிவுக்கு வந்துவிடும் ஆபத்து இருக்கிறது. அதை உடைக்க அதே நாட்டிலேயே ஒரு சான்று உண்டு.

சைமன் கிம்பாங்கு 1921இல் போதித்து நோயாளிகளைக் குணமாக்கத் தொடங்கினார். பெல்ஜிய அரசு அவரைச் சிறையிலடைத்தது. சிறையிலேயே 1951இல் இறந்தார். அவர் பெயரில் எழுந்த திருச்சபை எந்த மறைப்பணிச் சங்கமும் நிறுவாதது, முழுக்க அந்த மண்ணில் பிறந்தது. அந்தத் திருச்சபை உறுப்பினர்களுக்கு நடனத்தைத் தடை செய்கிறது. மது, புகை, பலதார மணம் ஆகியவற்றோடு நடனமும் விலக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது. அப்படியானால் வறட்சியான வழிபாடா? இல்லை. புல்லாங்குழல் குழுக்கள், பித்தளை வாத்தியக் குழுக்கள், விண்ணிலிருந்து அருளப்பட்டவை என்று அவர்கள் நம்பும் பாடல்கள் எல்லாம் நிறைந்து வழிகின்றன. 1994இல் கிம்பாங்குவின் பேரன் அர்மாந்து தியாங்கியெண்டா கின்ஷாசாவில் ஒரு சிம்பொனி இசைக்குழுவையே தொடங்கினார். ஆரம்பத்தில் கருவிகள் போதாமல் ஒரே கருவியை முறை வைத்து வாசித்தார்கள். வயலின் கம்பி அறுந்தபோது சைக்கிள் பிரேக் கம்பியைக் கட்டி வாசித்தார்கள்.

இந்த இரண்டு சபைகளில் எது அதிகச் சுதந்திரம் உள்ளது? கத்தோலிக்கர் மத்தளத்தை உள்ளே அழைத்து ஆடினார்கள். கிம்பாங்குவினர் ஆட்டத்தை விட்டுவிட்டு, காலனி ஆட்சியாளர்களின் வாத்தியங்களைக் கையிலெடுத்துத் தங்கள் பாட்டை ஊதினார்கள். யாரும் அவர்களுக்கு அதைத் திணிக்கவில்லை. இரண்டு தேர்வுகளும் உள்ளிருந்து வந்தவை. நடனத்தை ஏற்றவர்கள் விடுதலை பெற்றவர்கள், ஏற்காதவர்கள் கட்டுண்டவர்கள் என்று கோடு போடும் பேச்சை இந்த ஒப்பீட்டுக்குப் பிறகு என்னால் ஏற்க முடியவில்லை. மேலே கை உயர்த்தி ஆடும் ஒருவரும், கண்மூடி அசையாமல் நிற்கும் ஒருவரும் ஒரே வரிசையில் நிற்க முடிகிற சபையைத்தான் நான் தேடுகிறேன்.

இடறும் இடங்கள்

ஜயீர் முறைக்குள்ளும் கவலைகள் உண்டு. பவனியில் அடியெடுத்து வரும் சிறுமியர் குழு ஒத்திகை பார்த்து, ஒரே உடை அணிந்து, மிக அழகாக ஆடுகிறது. அழகு கூடக் கூட, மக்கள் ஆடுவதை விட்டுவிட்டுப் பார்க்கத் தொடங்குவார்கள். கைபேசிகள் உயரும். பாடகர் குழுவுக்கும் இதே சோதனைதான். நான் பல ஆண்டுகள் பாடகர் குழுவில் நின்றவன். கடினமான ஒரு பாடலை நாங்கள் நான்கு குரலில் துல்லியமாகப் பாடி முடித்தபோது கோயிலே அமைதியாக இருந்தது. அன்று அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது, அந்த அமைதியில் ஒருவர்கூட எங்களோடு பாடியிருக்கவில்லை.

இன்னொன்று, வடிவம் உறைந்துபோகும் ஆபத்து. 1988இல் புதிதாக இருந்தது அடுத்த தலைமுறைக்குப் பழைய சடங்காகத் தெரியலாம். நாட்டின் பெயரே 1997இல் மறுபடி கொங்கோ என்று மாறிவிட்டது, வழிபாட்டு முறையின் பெயரில் மட்டும் ஜயீர் நிற்கிறது. நகரத்து இளைஞரின் இசை வேறு, கிராம அவையின் மரபு வேறு. படைப்பாற்றல் ஒரு முறை நடந்து முடிந்து ஏட்டில் ஏறிவிடும் செயல் அல்ல என்பதால், 27 ஆண்டு உழைப்பும் ஒரு தொடக்கமாகவே இருக்க முடியும்.

தங்கள் சபையில் நடனத்தையோ புதிய இசையையோ கொண்டுவர நினைப்பவர்களுக்கு, இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக் கொடுக்கக்கூடியது சில கேள்விகள்தான். நம் மக்கள் துக்கத்தில் எப்படி அழுகிறார்கள், மகிழ்ச்சியில் எப்படிப் பாடுகிறார்கள் என்று உட்கார்ந்து கவனித்தோமா, அல்லது வேறெங்கோ பார்த்த ஒன்றை எடுத்து வருகிறோமா? வழிபாட்டின் எந்தக் கட்டத்துக்கு இந்த அசைவு, அதன் பொருள் என்ன என்று ஒரு சிறுவன் கேட்டால் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா? ஆடுபவர் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும்? முதியவரும், நடக்க முடியாதவரும், வெட்கப்படுபவரும் இதில் எப்படிச் சேர்வார்கள்? ஆட்டம் நிற்க வேண்டிய இடம் எது? கடைசிக் கேள்விக்கு விடை இல்லாத திட்டத்தைக் கொஞ்ச காலம் தள்ளிப் போடலாம் என்பேன்.

ஒப்புதலுக்குப் பின்

1994 ஏப்ரலில் ஆப்பிரிக்க ஆயர் மாமன்றத்தின் தொடக்கத் திருப்பலியில் புனித பேதுரு பேராலயத்துக்குள் ஆப்பிரிக்க மத்தளங்கள் ஒலித்தன. 2019 டிசம்பர் 1 அன்று, உரோமையில் வாழும் கொங்கோ மக்களின் ஆன்மிகப் பணியகத்துக்கு 25 ஆண்டு நிறைந்ததையொட்டி, திருத்தந்தை பிரான்சிஸ் அதே பேராலயத்தில் ஜயீர் முறையில் திருப்பலி நிறைவேற்றினார். 2022 ஜூலையில் கொங்கோ செல்ல இருந்த அவருக்கு முழங்கால் வலியால் பயணம் தடைபட்டது. கின்ஷாசாவில் இருந்திருக்க வேண்டிய ஜூலை 3ஆம் நாள், கொங்கோ மக்களைப் பேராலயத்துக்கு அழைத்து மறுபடி அதே முறையில் வழிபட்டார். 2023 பிப்ரவரி 1 அன்று ஒருவழியாகக் கின்ஷாசா போய்ச் சேர்ந்தார். இந்தோலோ விமானத் தளத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடியிருந்தார்கள்.

கிழக்குக் கொங்கோவில் பல ஆண்டுகளாகப் போர். உறவினர்களைப் பறிகொடுத்தவர்களும் வீடிழந்தவர்களும் இருக்கும் நாடு அது. அந்த நாட்டு மக்கள் பாடி, ஆடி, அப்புறம் தலைதாழ்த்தி மார்பில் கைகட்டி மன்னிப்புக் கேட்டு, பக்கத்தில் நிற்பவருக்குச் சமாதானம் சொன்ன பிறகே காணிக்கைக்குப் போகும் வரிசையில் திருப்பலி செய்கிறார்கள். அன்று திருத்தந்தையின் மறையுரையும் மன்னிப்பையும் சமாதானத்தையும் பற்றித்தான் இருந்தது.

2019இல் நடந்த அமேசான் ஆயர் மாமன்றம் தங்கள் மக்களுக்கும் இப்படி ஒரு வழிபாட்டு வடிவம் வேண்டும் என்று கேட்டது. அதற்கு ஜயீர் முறை நல்ல வழிகாட்டியாக இருக்கும் என்று பிரான்சிஸ் 2020இல் சொன்னார். மலுலாவும் சக ஆயர்களும் 1961இல் உட்கார்ந்த இடத்தில், அமேசான் ஆற்றங்கரைகளின் மக்கள் இப்போது உட்கார்ந்திருக்கிறார்கள்.